எறிகணைக்கு மருந்திட்ட கைகள்

(பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஸ்காபரோவில் எக்ளின்ரன் வீதியும் வார்டன் வீதியும் சந்திக்கும் இடத்தை அறியாத தமிழ்க் குடும்பம் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் இருப்பது அரிது. அச்சந்தியின் தென்கிழக்குப் பக்கமாகப் பேர்ச்மவுண்ட் வீதி வரை ஒரு தொழிற்பேட்டை நீண்டு கிடக்கின்றது. தட்டையான கூரைகளும் குறுகிய யன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள் சில அங்கு இன்னமும் நிற்கின்றன. அவற்றைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்பவர்களில் மிகச் சிலரே அக்கட்டடங்கள் எதற்காக எழுப்பப்பட்டவை என்பதை அறிவர்.

அவை எறிகணைகளுக்காக எழுப்பப்பட்டவை.

எறிகணை என்னும் சொல்லை இந்த அவையில் இருக்கும் மூத்தோருக்கு விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் அச்சொல் பேச்சுவழக்கிற்கு வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. எறிகணைக்கு அஞ்சி ஊரை விட்டுப் புறப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், உலகின் மறுகோடியில் வந்து குடியேறிய நிலமும் ஒரு காலத்தில் எறிகணைக்கு மருந்திடும் களமாக இருந்தது என்பது வரலாற்றின் விந்தையான தற்செயல்தான். ஆயினும் இன்றைய உரையின் பொருள் அத்தற்செயல் அன்று. அங்கு மருந்திட்ட கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள். அவர்களை அரசு எவ்வாறு அழைத்தது, எவ்வாறு திருப்பி அனுப்பியது, திருப்பி அனுப்பப்பட்ட பின்னரும் அவர்கள் எதை விட்டுக்கொடுக்க மறுத்தனர் என்பதே பொருள்.

கனடாவின் அந்தப் போர் தமிழருக்குத் தொடர்பில்லாத ஒன்று என இளையோர் எண்ணக்கூடும். 1942 ஏப்ரல் 4 ஆம் நாள், இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினா வானூர்தியொன்று, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு வானொலி மூலம் எச்சரித்தது. அதன் தலைமை வானோடி லெனார்ட் பேர்ச்சல் ஒரு கனடியர். அவரது வானூர்தி சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் போர்க் கைதியானார். மறுநாள் கொழும்பும், ஏப்ரல் 9 ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டன. அன்று திருகோணமலையில் பதுங்குகுழிக்குள் ஓடியவர்களுள் இங்கிருக்கும் சிலரது பாட்டன் பாட்டியரும் இருந்திருக்கக்கூடும்.

பேர்ச்சல் போன்ற வானோடிகளின் கதை நூல்களில் ஏறிவிட்டது. போரின் பின்களத்தில் நின்றவர்களின் கதை அவ்வாறு ஏறவில்லை.

1940 ஆம் ஆண்டின் கோடையில் பிரான்சு வீழ்ந்தது. டன்கேர்க் கரையில் பிரித்தானியப் படை தனது பீரங்கிகளையும் ஊர்திகளையும் கைவிட்டுத் திரும்பியது. அதுவரை போர்த்தளபாடங்களைப் பெருமளவில் செய்து பழகாத கனடா, அந்த இழப்பை நிரப்ப வேண்டிய நிலைக்கு உள்ளாயிற்று. போர்த்தளபாட, வழங்கல் அமைச்சர் சி. டி. ஹவ் முடிக்குரிய கூட்டுத்தாபனங்கள் பலவற்றை அடுத்தடுத்து நிறுவினார். தனியார் நிறுவனங்கள் தொழிற்சாலைகளை நடத்தும். நிலமும் கட்டடமும் அரசுக்குரியவை. போர் முடிவதற்குள் 800,000 இற்கும் மேற்பட்ட படைத்துறை ஊர்திகளும் ஏறத்தாழ 16,000 வானூர்திகளும் இந்நாட்டில் செய்யப்பட்டன. நாடு முழுவதற்கும் அன்று இருந்த மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடியே பதினைந்து இலட்சம் மட்டுமே.

ஸ்காபரோ அக்காலத்தில் நகரமன்று. வயல்களும் பழத்தோட்டங்களும் கொண்ட ஊரகம்; 1941 இல் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 24,000 பேர். அவ்வாண்டின் குளிர்காலத்தில் 346 ஏக்கர் விளைநிலத்தில் வேலை தொடங்கிற்று. சில மாதங்களுக்குள் 172 கட்டடங்கள் எழுந்தன. ஜெனரல் எஞ்சினியரிங் கொம்பனி என்னும் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து மக்கள் அதனை 'ஜீகோ' என அழைத்தனர்.

ஒரே பெருங்கட்டடத்தைக் கட்டாமல் 172 கட்டடங்களை ஏன் சிதறக் கட்டினர் என்ற வினா எழலாம். ஓரிடத்தில் வெடிவிபத்து நேரின் அது மற்றோரிடத்திற்குத் தாவக்கூடாது என்பதே காரணம். நீராவிக் குழாய் முதலான வழங்கல்களைக் கொண்டுசெல்ல நிலத்தடியில் சுரங்கப் பாதைகள் அமைக்கப்பட்டன. அவற்றுட் சில இன்றும் அங்கு எஞ்சியுள்ளன. போர்க்காலம் முழுவதிலும் அவ்வாலையில் பணியாற்றியோர் ஏறத்தாழ 21,000 பேர். அந்த ஊரகத்தின் மக்கள்தொகையோடு இதனை ஒப்பிட்டால் அளவு விளங்கும். அவர்களுட் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்கள் மருந்திட்டு முடித்த போர்த்தளபாடத் துண்டுகளின் தொகை ஏறத்தாழ 256 மில்லியன்.

எறிகணையின் முனையில் 'பியூஸ்' என்ற சிறு பொறி ஒன்று பொருத்தப்படும். எறிகணை எப்போது வெடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுவே. கைக்கடிகாரத்தைப் போன்ற நுண்மையான அப்பொறிக்குள் மிகச் சிறிய அளவு வெடிமருந்தை நிறுத்து, அழுத்தி, அடைக்க வேண்டும். மருந்து மிகினும் குறையினும் களத்தில் ஒரு படையாளின் உயிர் போகும். கை தவறினால் மேசையில் அமர்ந்திருப்பவளின் விரலோ கண்ணோ போகும். இதனைச் செய்தவர்களுட் பலர் அதற்குமுன் கடைகளிலும் பிறர் வீடுகளிலும் வேலை செய்தவர்கள். தொழிற்சாலை என்ற ஒன்றுக்குள் அதுவரை கால் வைக்காதவர்களும் இருந்தனர்.

வேலைக்கு வரும் பெண் முதலில் உடைமாற்றும் அறைக்குச் செல்வாள். அறையின் குறுக்கே ஒரு தடுப்பு. தடுப்பின் இப்பால் 'அழுக்குப் பக்கம்', அப்பால் 'தூய பக்கம்'. வீட்டிலிருந்து உடுத்துவந்த ஆடைகளையும் காலணியையும் இப்பால் களைந்துவிட்டு, தடுப்பைக் கடந்து, ஆலை வழங்கும் வெள்ளைச் சீருடையையும் ஆணியற்ற காலணியையும் அணிந்துகொள்ள வேண்டும். கூந்தற்கவ்வி, தீப்பெட்டி, சிகரெட் எவையும் உள்ளே செல்லக்கூடா. பட்டும் கம்பளியும் உராய்ந்தால் மின்பொறி தெறிக்கும் என்பதால் அவற்றுக்கும் தடை. கழற்ற முடியாத திருமண மோதிரம் இருந்தால் அதனை நாடாவால் சுற்றி மூட வேண்டும். 'ரெற்றில்' என்னும் வெடிமருந்தைக் கையாண்டோரின் தோலும் முடியும் மஞ்சள் நிறமாயின. நாள் முழுவதும் மூன்று வேலைமுறைகள். நள்ளிரவு முறைக்குச் செல்லும் தாய், பிள்ளைகளை உறங்க வைத்த பின்னர் பேருந்து ஏறினாள். இந்த அவையில் உள்ள தாய்மார் பலருக்கு இக்காட்சி புதியதன்று.

ஸ்காபரோவுக்குக் கிழக்கே, பிக்கறிங் ஊரகத்தில் மற்றோர் ஆலை இதனினும் பெரிதாக எழுந்தது. ஏறத்தாழ 2,800 ஏக்கர் பண்ணை நிலம் உழவரிடமிருந்து எடுக்கப்பட்டது. டிபென்ஸ் இண்டஸ்ரீஸ் என்ற நிறுவனம் அங்கு எறிகணைகளுக்கு மருந்து நிரப்பிற்று. உச்சக்கட்டத்தில் 9,000 பேர் வேலை செய்தனர். போர் முடியும்போது ஏறத்தாழ 40 மில்லியன் எறிகணைகள் நிரப்பப்பட்டிருந்தன. வேலையாட்களுக்காக விடுதிகளும் சிறு வீடுகளும் கட்டப்பட்டன. வீடுகள் இருந்தால் அஞ்சலகம் வேண்டும். அஞ்சலகத்திற்கு ஒரு பெயர் வேண்டும். 1939 டிசம்பரில் தென் அத்திலாந்திக்கில் யேர்மனியப் போர்க்கப்பல் கிராவ் ஸ்பீயை எதிர்த்துப் பொருதிய பிரித்தானியக் கப்பலின் பெயர் சூட்டப்பட்டது. அதுவே இன்றைய ஏஜக்ஸ் நகரம். அந்நகரின் ஹார்வூட் வீதி அக்கடற்சமரை நடத்திய தளபதியின் பெயரைக் கொண்டது. இன்னும் பல தெருக்கள் அச்சமரில் நின்ற மாலுமிகளின் பெயரைத் தாங்குகின்றன. ஏஜக்ஸில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நாள்தோறும் எழுதும் முகவரிகளில் அப்போர் ஒளிந்திருக்கின்றது. மாலுமிகளின் பெயரால் தெருக்கள் அமைந்தன. மருந்திட்ட பெண்களின் பெயரால் எத்தனை தெருக்கள் அமைந்தன என்பதை ஏஜக்ஸ் வாழ் இளையோர் ஒருநாள் வரைபடத்தை விரித்துத் தேடிப் பார்க்கலாம்.

பெண்களை அரசு அழைத்த முறையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஆண்களே போதுமென்று கருதப்பட்டது. அவர்கள் படையில் சேரச் சேர ஆட்பற்றாக்குறை முற்றியது. 1942 மார்ச்சில் தேசியத் தெரிவுச் சேவை என்ற அமைப்புத் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்கள் யாவரும் பதிவு செய்ய வேண்டுமென ஆணை பிறந்தது. முதலில் மணமாகாத இளம்பெண்களை நாடினர். அவர்கள் போதாமற் போகவே மணமான, பிள்ளையற்ற பெண்களை நாடினர். அவர்களும் போதாமற் போகவே தாய்மாரின் கதவைத் தட்டினர். 1939 இல் ஊதிய வேலையில் இருந்த பெண்கள் ஏறத்தாழ 600,000. 1944 இல் பத்து இலட்சத்திற்கும் மேல். போர்த்தளபாட உற்பத்தியில் மட்டும் உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 261,000 பெண்கள் இருந்தனர்.

விளம்பரமும் தன் பங்கைச் செய்தது. ரொறன்ரோவின் ஜோன் இங்கிலிஸ் ஆலையில் பிரென் இயந்திரத் துப்பாக்கி செய்த வெரோனிகா பொஸ்ரர் என்ற இளம்பெண்ணை 1941 இல் தேசியத் திரைப்படச் சபை படம் பிடித்தது. 'பிரென் துப்பாக்கிப் பெண் ரொனி' என்ற பெயரில் அப்படங்கள் நாடெங்கும் பரவின. அமெரிக்காவின் 'ரோசி'யை அறிந்த பிள்ளைகள், அவளுக்கு முன்னரே இங்கு ஒரு ரொனி இருந்தாள் என்பதை அறிவதில்லை.

புகழ்ச்சி தாராளமாகக் கிடைத்தது. ஊதியம் அவ்வாறு கிடைக்கவில்லை. ஒரே வேலையைச் செய்த ஆணுக்குக் கிடைத்தது பெண்ணுக்குக் கிடைக்காதது அக்காலத்தின் பொதுவழக்கு. கறுப்பினப் பெண்களுக்கோ அதுவரை இந்நாட்டில் வீட்டு வேலையைத் தவிர வேறு கதவு ஏறக்குறையத் திறந்ததில்லை. ஆட்பற்றாக்குறையே அவர்களுக்கு ஆலைக் கதவைத் திறந்தது. கவிஞர் டியோன் பிரான்ட் ஒன்ராறியோவின் கறுப்பினத் தொழிலாளப் பெண்களின் வாய்மொழிகளைத் திரட்டி 1991 இல் நூலாக வெளியிட்டார். அப்பெண்கள் அப்போது முதுமை எய்தியிருந்தனர். அந்நூல் பத்தாண்டுகள் பிந்தியிருப்பின் அவ்வாய்மொழிகளிற் பல மண்ணோடு போயிருக்கும்.

போர்த்தொழிலில் பெண் மேசையருகே மட்டுமே இருந்தாள் என்றும் கருதிவிடக்கூடாது. ஒன்ராறியோவின் வடமேற்கே போர்ட் வில்லியம் நகரில், ஹரிக்கேன் போர் வானூர்திகளைக் கட்டிய ஆலையின் தலைமை வானூர்திப் பொறியியலாளர் எல்சி மக்கில் என்ற பெண்மணி. 1927 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியற் பட்டமும், 1929 இல் மிச்சிகனில் வானூர்திப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றவர். இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு ஊன்றுகோலுடன் நடந்தவர். அவரது ஆலையில் 500 பேர் 4,500 பேராகப் பெருகினர். 1,400 இற்கும் மேற்பட்ட ஹரிக்கேன்கள் அங்கிருந்து பறந்தன. பொறியியல் படிக்கும் தமிழ்ப் பெண்பிள்ளைகள் இப்பெயரை நினைவில் வைத்திருத்தல் நன்று. அவர் இவ்வுரையின் பிற்பகுதியில் மீண்டும் வருவார்.

தாய்மாரை ஆலைக்கு அழைத்தபோது எழுந்த முதல் வினா, பிள்ளையை யார் பார்ப்பது என்பதே. பாட்டிமாருக்கும் எல்லைகள் உண்டு. கதவைப் பூட்டிப் பிள்ளைகளை உள்ளே விட்டுச் செல்வோரும், கழுத்தில் வீட்டுத் திறப்பைக் கட்டி அனுப்புவோரும் பெருகினர். 1942 இல் கூட்டாட்சி அரசு மாகாணங்களுடன் பகற்பராமரிப்பு உடன்படிக்கை ஒன்றை முன்வைத்தது. செலவை இரு அரசுகளும் பாதிப் பாதியாக ஏற்கும். இத்திட்டத்தைச் செயற்படுத்தியவை ஒன்ராறியோவும் கியூபெக்குமே. இடங்களில் நான்கில் மூன்று பங்கு போர்த்தொழிலில் உள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்கே என்பது நிபந்தனை. ஏனைய தொழில் செய்யும் தாய்க்கும் இதே இடர் உண்டு என்பதை ஏற்க 1944 வரை சென்றது. போர் முடியும்போது ஒன்ராறியோவில் சிறார்க்கான 28 நிலையங்களும், பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கான 42 நிலையங்களும் இயங்கின. தேவையோடு ஒப்பிட இது சிறிது. எனினும் கூட்டாட்சி அரசின் பணத்தில் பிள்ளைப் பராமரிப்பு என்பது இந்நாட்டில் அதற்குமுன் இருந்ததேயில்லை.

வரியிலும் ஒரு சலுகை வந்தது. அதற்குமுன் மனைவி ஆண்டுக்கு 750 டொலருக்கு மேல் உழைத்தால், மணமான ஆணுக்குரிய வரிவிலக்கைக் கணவன் இழப்பான். 1942 இல் இவ்வரம்பு நீக்கப்பட்டது. மனைவி எவ்வளவு உழைத்தாலும் கணவனின் விலக்குக் குறையாது.

இவ்விரண்டும் போர் முடிந்ததும் எடுக்கப்பட்டன.

1945 இல் ஆலைகள் மூடின. படையிலிருந்து திரும்பிய ஆண்களுக்குப் பழைய வேலையை மீளப் பெறும் உரிமை 1942 இலேயே சட்டமாக்கப்பட்டிருந்தது. பெண்களுக்கு நன்றி மட்டுமே கிடைத்தது. 1947 ஜனவரியிலிருந்து வரிவரம்பு மீண்டும் விதிக்கப்பட்டது. இம்முறை 750 டொலரன்று, 250 டொலர். கூட்டாட்சி அரசுப் பணியில் மணமான பெண்களுக்கு இருந்த பழைய தடை மீண்டும் இறுகிற்று. 1955 இலேயே அது நீங்கியது. 1950 முதல் 1957 வரை, புதிதாக மணமான பெண் வேலையிழந்தால் வேலையின்மைக் காப்புறுதிப் பணம் பெறுவதற்குத் தனி நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அவளும் காப்புறுதிக்குப் பணம் கட்டியவள்தான். ஊதிய வேலையில் பெண்கள் வகித்த போர்க்கால விழுக்காட்டை இந்நாடு மீண்டும் எட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.

பெண்கள் விரும்பியே வீடு திரும்பினர் என்று பாடநூல்கள் சில கூறுவதுண்டு. விரும்பிச் சென்றோர் பலர் என்பதும் உண்மை. ஆனால் விருப்பத்திற்கு இத்தனை சட்டங்கள் தேவைப்பட்டிருக்கமாட்டா.

இங்கு, போரின் பின்களம் என்பது அழைத்துவரப்பட்ட உழைப்பு மட்டுமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜீகோவில் பெண்கள் மருந்திட்டுக்கொண்டிருந்த அதே 1942 இல், பிரித்தானியக் கொலம்பியாவின் கரையோரத்திலிருந்து ஏறத்தாழ 22,000 யப்பானியக் கனடியர் அகற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பான்மையினர் இந்நாட்டின் குடிமக்கள். ஆண்களிற் பலர் மலைகளினூடே நெடுஞ்சாலை வெட்டும் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பங்கள் சில சீனிக்கிழங்குப் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்டன. அவர்களது வீடுகளும் மீன்பிடிப் படகுகளும் உடன்பாடின்றி விற்கப்பட்டன. போர் 1945 இல் முடிந்தும் 1949 ஏப்ரல் வரை அவர்கள் கரையோரத்திற்குத் திரும்ப இயலவில்லை. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவணங்களைத் திரட்டி, இழப்பைக் கணக்கிட்டு, அரசின் முன் வைத்து வாதாடினர். 1988 செப்டெம்பர் 22 ஆம் நாள் நாடாளுமன்றத்தில் அரசு மன்னிப்புக் கோரியது. உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர் வழங்கப்பட்டது. அகற்றப்பட்டவர்களிற் பலர் அதற்குள் இறந்துவிட்டனர்.

அதே ஆண்டுகளில் தமிழரின் உழைப்பும் அப்போரின் வாயிற் போடப்பட்டது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழரை யப்பானியப் படை சயாம் - பர்மா தொடருந்துப் பாதை வேலைக்குக் கொண்டுசென்றது. ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1943 ஒக்டோபரில் முடிந்தது. அங்கு இறந்த 12,000 இற்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகளும் நடுகற்களும் உண்டு. காஞ்சனபுரிக்குச் செல்வோர் அவற்றின் ஒழுங்கான வரிசைகளைக் காணலாம். அவர்களைவிடப் பன்மடங்காக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. போர்க்கைதிகளின் பெயர்களை எழுத ஒரு படைப்பிரிவு இருந்தது. தோட்டத் தமிழனின் பெயரை எழுத எவரும் இருக்கவில்லை.

மீண்டும் ஸ்காபரோவுக்கு வருவோர், ஆலை மூடியபின் அந்நிலத்தில் நடந்ததைக் காண்பர். வீடற்ற படையினரின் குடும்பங்கள் வெடிமருந்துக் கட்டடங்களுக்குள் அவசர வதிவிடமாகக் குடியமர்த்தப்பட்டன. பின்னர் ஸ்காபரோ நிர்வாகம் அந்நிலத்தின் ஒரு பகுதியை வாங்கித் தொழில் நிறுவனங்களுக்கு விற்றது. எக்ளின்ரன் வீதியின் அப்பகுதி 'பொன்மைல்' எனப் பெயர் பெற்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஸ்காபரோவில் வந்து குடியேறிய தமிழர், இத்தகைய தொழிற்பேட்டைகளில்தான் இரவு முறையும் பகல் முறையும் நின்றனர். ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தோர் பொதிகட்டினர். வார்ப்பு இயந்திரங்களின் முன் நின்றனர். அக்கதை இன்னமும் எழுதப்படாதது. பிள்ளைகள் அதனைக் கேட்பதில்லை என்று பெற்றோர் குறைகூறுவர்; பெற்றோர் அதனைச் சொல்வதில்லை என்று பிள்ளைகள் கூறுவர். இரண்டிலும் உண்மை உண்டு. ஜீகோவின் கதையும் இவ்வாறே அறுபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த இரகசிய உறுதிமொழியைப் பலர் போர் முடிந்த பின்னரும் காத்தனர். தொண்ணூறு வயதை எட்டிய மூதாட்டிகளைத் தேடிச் சென்று கேட்டறிந்து, பார்பரா டிக்சன் என்ற எழுத்தாளர் 2015 இல் வெளியிட்ட நூலே அவர்களுட் பலரது பெயரைக் காப்பாற்றியது.

எஞ்சியிருப்பது பராமரிப்பு நிலையங்களின் கதை. கியூபெக்கின் நிலையங்கள் 1945 ஒக்டோபரில் மூடப்பட்டன. அங்கு தாய்மாரின் எதிர்ப்பு எடுபடவில்லை. கூட்டாட்சி அரசு தனது பாதிப் பங்கை 1946 ஜூன் இறுதியோடு நிறுத்திற்று. ஆனால் ரொறன்ரோவின் தாய்மார் கலைந்து போகவில்லை. அவர்களுட் கணவனைப் போரில் இழந்தோர் இருந்தனர். கணவன் திரும்பி வந்தும் உழைக்க இயலாத நிலையிலிருந்தோர் இருந்தனர். இருவரும் உழைத்தாலன்றி வாடகை கட்ட முடியாதோர் இருந்தனர். பெற்றோர் சங்கம் அமைத்தனர். மனுக்கள் எழுதினர். நகரமன்றத்திற்கும் மாகாண அரசுக்கும் நடையாய் நடந்தனர். வேலை முடிந்த களைப்போடு மாலைக் கூட்டங்களுக்கு வந்தனர். பராமரிப்பு நிலையம் என்பது பொதுவுடைமைவாதிகளின் சூழ்ச்சி என்றுகூட அவர்கள் தூற்றப்பட்டனர். 1950களின் தொடக்கம் வரை நீடித்த அப்போராட்டத்தில் அவர்கள் பெரும்பாலும் தோற்றனர். நிலையங்களிற் பல மூடப்பட்டன.

ஒன்றில் மட்டும் தோற்கவில்லை. 1946 இல் ஒன்ராறியோ சட்டமன்றம் பகற்பராமரிப்பு நிலையச் சட்டத்தை நிறைவேற்றியது. கனடாவில் இத்தகைய முதலாவது சட்டம் அது. நகராட்சி நடத்தும் நிலையத்தின் செலவில் பாதியை மாகாணம் ஏற்கவும், நிலையங்கள் உரிமம் பெற்று மேற்பார்வைக்கு உட்படவும் அது வழிசெய்தது.

போர்ட் வில்லியத்தில் வானூர்தி கட்டிய எல்சி மக்கில், 1967 இல் பெண்களின் நிலை பற்றிய அரச ஆணைக்குழுவின் உறுப்பினர்களுள் ஒருவராக அமர்ந்தார். 1970 இல் வெளிவந்த அறிக்கை, நாடளாவிய பகற்பராமரிப்புச் சட்டம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை பல பத்தாண்டுகள் தூங்கியது. குறைந்த கட்டணப் பராமரிப்புக்காகக் கூட்டாட்சி அரசும் ஒன்ராறியோவும் உடன்படிக்கை செய்தது 2022 மார்ச்சில்.

1946 ஆம் ஆண்டின் சட்டமோ, திருத்தங்களோடு, 2015 ஓகஸ்ற் 31 ஆம் நாள் புதிய சட்டம் அதன் இடத்திற்கு வரும் வரை நடைமுறையில் இருந்தது. 1990களின் விடியற்காலையில் ஸ்காபரோவின் பனிக்குள், உறங்கும் பிள்ளையைத் தோளிற் சாய்த்துக்கொண்டு பராமரிப்பு நிலையத்தின் கதவைத் தட்டிவிட்டு ஆலைக்குப் பேருந்து ஏறிய தமிழ்த் தாய்மார் இந்த அவையிலும் இருக்கின்றனர். உரிமம் பெற்ற அந்நிலையங்களின் சுவரில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்த பத்திரம் அச்சட்டத்தின் கீழேயே வழங்கப்பட்டது.